காத்த கைகள்

கால்பந்து ஆட்டத்தில் கட்சிக்குப் பதினோரு பேர். அவர்களில் பத்துப் பேருடைய வேலை நம் கண்ணுக்குத் தெரியும். ஓடுகிறார்கள், உதைக்கிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள். கோல் விழுந்தால் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கூத்தாடுகிறார்கள். பதினோராவது ஆளின் கதை வேறு. ஊருக்கு வெளியே எல்லையில் தன்னந்தனியாக நிற்கும் காவல் தெய்வத்தைப் போல இரண்டு கம்பங்களுக்கு நடுவே அந்த ஆள் நிற்க வேண்டும். ஒன்றும் நடக்காத நாள்தான் அவருக்கு நல்ல நாள். திருட்டுப் போகாத ஊரில் காவல்காரனுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? திருட்டுப் போன மறுநாள் காலையில்தான் அவன் பெயர் ஊர் வாயில் விழும். கோல் கீப்பரின் தலையெழுத்தும் ஏறக்குறைய அதுதான்.

அந்தத் தலையெழுத்தை விரும்பி ஏற்றுக்கொண்டு, 1994 முதல் 2008 வரை அமெரிக்கப் பெண்கள் அணியின் கோலைக் காத்து நின்ற ஒருவரின் சரித்திரம் இது. பெயர் பிரியானா ஸ்கர்ரி. 170-க்கு மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களில் நின்றவர். அவற்றில் சுமார் 70 ஆட்டங்களில் எதிரிகளை ஒரு கோல்கூடப் போடவிடாமல் அனுப்பி வைத்தவர். ஆனால் அவருடைய வாழ்க்கையில் மிகவும் கடினமான ஆட்டம் மைதானத்துக்கு வெளியே, அவர் விளையாட்டை விட்ட பிறகு நடந்தது. அதைப் பார்க்க ஜனக் கூட்டம் இல்லை. கை தட்டவும் ஆள் இல்லை.

பிரியானா 1971-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் மினியாபொலிஸ் நகரில் பிறந்தாள். வீட்டில் ஒன்பது குழந்தைகள், இவள் கடைக்குட்டி. மினஸோட்டா மாநிலம் அமெரிக்காவின் வடகோடியில், கனடா எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பது. அவள் வளர்ந்த டேய்ட்டன் என்ற சிற்றூரில் பெரும்பாலும் வெள்ளையர்களே குடியிருந்தார்கள். கறுப்பினக் குடும்பத்துப் பெண்ணான அவள், பள்ளிக்கூடத்திலும் மைதானத்திலும் தன் நிறத்தில் இன்னொரு முகத்தைக் காண்பது அபூர்வம்.

அவள் பிறந்த மறு வருஷம், 1972-ல், அமெரிக்காவில் ஒரு கல்விச் சட்டம் நிறைவேறியது. மத்திய சர்க்காரின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வி நிலையமும் ஆண், பெண் என்ற காரணத்தால் ஒருவருக்கு எதையும் மறுக்கக் கூடாது என்று அதன் ஒன்பதாம் பகுதி சொல்லிற்று. அந்த வாசகத்தில் விளையாட்டு என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் அதன் பலன் விளையாட்டு மைதானத்தில்தான் பளிச்சென்று தெரிந்தது. பையன்களுக்கு ஓர் அணி இருந்தால் பெண்களுக்கும் ஓர் அணி வேண்டும், பையன்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தால் பெண்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றாயிற்று. பிரியானாவின் தலைமுறை அந்தச் சட்டத்தோடு கூடப் பிறந்த தலைமுறை என்று சொன்னால் தவறில்லை.

ஆனால் டில்லியில் போட்ட சட்டம் குக்கிராமத்துக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகிறது என்பது நமக்குத் தெரியாதா? வாஷிங்டனில் போட்ட சட்டமும் அப்படித்தான். பிரியானா பந்து உதைக்கக் கிளம்பிய காலத்தில் அவள் ஊரில் பெண்களுக்கென்று அணி இல்லை. பையன்களின் அணியில்தான் சேர வேண்டியிருந்தது. பயிற்சியாளர் யோசித்தார். முரட்டுப் பையன்கள் ஓடி மோதும் இடத்தில் ஒரு பெண் குழந்தையை விடுவதா? எங்கே நிறுத்தினால் அடிபடாமல் இருப்பாள்? கடைசியில் கோலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். அதுதான் பத்திரமான இடமாம்! நல்லெண்ணத்தோடு செய்த காரியந்தான். ஆனாலும் இந்தச் சின்ன விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

அவளுக்கு எட்டு வயதாயிருந்தபோது, 1980-ல், லேக் பிளாஸிட் என்ற ஊரில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தது. பனிக்கட்டி மீது ஆடும் ஹாக்கியில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள், யாராலும் வெல்ல முடியாதென்று பேர் வாங்கியிருந்த சோவியத் அணியைத் தோற்கடித்தார்கள். வீட்டு டெலிவிஷனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமி, தானும் ஒருநாள் ஒலிம்பிக்ஸுக்குப் போவது என்று தீர்மானம் செய்துகொண்டாள். இப்படி எத்தனையோ குழந்தைகள் தீர்மானம் செய்கிறார்கள்; பள்ளிக்கூடம் திறந்ததும் மறந்து போகிறார்கள். இவள் மறக்கவில்லை. அனோகா உயர்நிலைப் பள்ளி அணி 1989-ல் மாநிலச் சாம்பியன் ஆனபோது கோலில் நின்றவள் இவள்தான். அங்கிருந்து மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழகம்; 1994-ல் தேசிய அணி. முதல் சர்வதேச ஆட்டம் போர்ச்சுகலோடு. அந்த ஆட்டத்தில் அவர் ஒரு கோல்கூட விடவில்லை.

பெண்கள் கால்பந்து ஒலிம்பிக்ஸில் முதன்முதலாக இடம்பெற்றது 1996-ல். அந்த ஒலிம்பிக்ஸ் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தை மையமாகக் கொண்டு நடந்தது. இறுதி ஆட்டம் நடந்த ஊரின் பெயரும் ஏதென்ஸ். கிரேக்கத் தலைநகரின் பெயரைக் கடன் வாங்கிக்கொண்ட கல்லூரி நகரம் அது. ஆகஸ்ட் 1-ந் தேதி, 76,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அமெரிக்கா 2-1 என்ற கணக்கில் சீனாவை வென்றது. ஐந்து ஆட்டங்களில் அந்த அணி எதிரிக்குக் கொடுத்தது மூன்றே மூன்று கோல்கள்.

அந்தத் தங்கப் பதக்கத்தோடு ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு. "நாங்கள் தங்கம் வாங்கினால் இந்த ஊர் வீதியில் உடுப்பே இல்லாமல் ஓடுகிறேன்" என்று பிரியானா முன்னதாக வாய்விட்டுச் சொல்லியிருந்தார். சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா? ஊரடங்கிய பிறகு, ஜன நடமாட்டமில்லாத ஒரு வீதியில் நாலு எட்டு ஓடிவிட்டுத் திரும்பிவிட்டார். அப்போது அவர் உடம்பில் இருந்தது கழுத்தில் தொங்கிய தங்கப் பதக்கம் ஒன்றுதான். இருபத்தைந்து வயது நிரம்பாத பெண். உலகத்தையே ஜெயித்துவிட்ட சந்தோஷம். அந்தப் பதக்கத்தைப் பற்றியும் பின்னால் சொல்லவேண்டியிருக்கிறது.

இனி 1999-க்கு வருவோம். அந்த ஆண்டு பெண்களின் உலகக் கோப்பைப் போட்டி அமெரிக்காவிலேயே நடந்தது. ஜூலை 4-ந் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, அரை இறுதியில் பிரேஸில் அணி அலை அலையாக வந்து மோதிற்று. பிரியானா பாய்ந்தும் எம்பியும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். அமெரிக்கா 2-0 என்று வென்றது. அவருடைய ஆட்டங்களிலேயே சிறந்தது இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு.

ஆறு நாள் கழித்து, ஜூலை 10-ந் தேதி, கலிபோர்னியாவில் பஸடேனா நகரின் ரோஸ் பௌல் மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் சீனா. மைதானத்தில் கூடியிருந்தவர்கள் 90,185 பேர். ஒரு பெண்கள் ஆட்டத்துக்கு அதுவரை அமெரிக்காவில் அப்படிக் கூட்டம் சேர்ந்ததில்லை. கொளுத்தும் வெயில். 90 நிமிஷம் ஆடியும் கோல் இல்லை. அமெரிக்க அணியின் முதுகெலும்பாக இருந்த மிஷேல் ஏகர்ஸ் அந்த நேர முடிவில் அடிபட்டுத் தளர்ந்து வெளியே போய்விட்டார். மேற்கொண்டு 30 நிமிஷம் ஆடினார்கள். சீன வீராங்கனை ஒருவர் தலையால் முட்டிய பந்து பிரியானாவையும் தாண்டிவிட்டது. கோட்டின் மேல் நின்ற கிரிஸ்டின் லில்லி அதைத் தலையாலேயே திருப்பி அனுப்பினார். 120 நிமிஷமும் முடிந்தது. இரு தரப்பிலும் பூஜ்யம். கடைசியில் பெனால்டி உதைகளால் முடிவு காண்பதென்று ஆயிற்று.

பெனால்டி உதை என்பது கோல் கீப்பருக்கு நியாயமில்லாத சோதனை. பன்னிரண்டு கஜ தூரத்தில் பந்து. எட்டுக் கஜ அகலமுள்ள கோல். உதைப்பவர் இஷ்டப்பட்ட பக்கம் உதைக்கலாம். காப்பவர் ஊகித்துத்தான் பாய வேண்டும். இரு தரப்பிலும் முதல் இரண்டு உதைகள் கோலாயின. மூன்றாவதாகச் சீனாவின் லியூ யிங் பந்தை நோக்கி நடந்து வந்தார். உதைப்பவருடைய முகத்தைப் பார்ப்பது பிரியானாவின் வழக்கமில்லை. அன்றைக்கு என்னவோ பார்த்தார். தளர்ந்த தோளையும் நடையையும் கண்டதுமே, இதைத் தடுத்துவிடலாம் என்று மனசுக்குள் பட்டுவிட்டதாகப் பிற்பாடு சொன்னார். தம் இடது பக்கம் பாய்ந்தார். பந்து கையில் பட்டு வெளியே போயிற்று. அதற்குப் பிறகு இரு தரப்பிலும் ஒருவரும் தவறவிடவில்லை. ஐந்தாவது உதையை பிராண்டி சேஸ்டெய்ன் கோலுக்குள் அடித்ததும், 5-4 என்று அமெரிக்கா ஜெயித்தது.

இந்த இடத்தில், சரித்திரம் சொல்பவன் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. லியூ யிங் பந்தை உதைப்பதற்கு முன்பே பிரியானா கோட்டை விட்டு முன்னால் வந்துவிட்டார். விதிப்படி அது குற்றம். நடுவர் கண்டுகொள்ளவில்லை. பிரியானாவும் அதை ஒளிக்கவில்லை. தெரிந்தேதான் அடியெடுத்து வைத்ததாக ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் கோல் கீப்பர்கள் பலர் அப்படிச் செய்வதும், நடுவர்கள் பார்த்தும் பாராமல் விடுவதும் சகஜமாக இருந்தது. 2019 உலகக் கோப்பைப் போட்டியில் வீடியோ படத்தைப் பார்த்து, கோட்டை விட்டு நகர்ந்த கோல் கீப்பர்களுக்கு எதிராக உதையைத் திரும்பப் போடச் சொன்னார்கள். ரோஸ் பௌலில் அந்த வசதி இருந்திருந்தால் கதை எப்படித் திரும்பியிருக்குமோ! ஆனால் பாய்ந்த திசையும் எட்டிய கையும் அவருடையவைதாம். சீனத்துப் பெண்களின் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது சரித்திரம்.

மறுநாள் உலகமெல்லாம் பரவிய படம் எது தெரியுமா? கடைசி உதையை அடித்த சேஸ்டெய்ன் மேல்சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மண்டியிட்ட காட்சி. பெரிய பத்திரிகைகளின் அட்டையில் எல்லாம் அதுதான். அந்தக் கடைசி உதைக்கு வழி செய்து கொடுத்த தடுப்பு அட்டைக்கு வரவில்லை. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. கோல் அடித்தது படத்தில் விழும். கோல் விழாமல் போனதை எப்படிப் படம் பிடிப்பது?

வெற்றிக்குப் பின்னால் சறுக்கல் வந்தது. அடுத்த ஆண்டு காயமும் உடல் பருமனும் சேர்ந்துகொள்ள, 2000-ம் ஆண்டு ஸிட்னி ஒலிம்பிக்ஸில் பிரியானா வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோலில் வேறொருவர் நின்றார். இருபத்தொன்பது வயதில் ஆட்டம் முடிந்துவிட்டதோ என்று பலர் நினைத்தார்கள். அவர் உடம்பைக் கசக்கி உழைத்து, இழந்த இடத்தைத் திரும்பப் பிடித்தார். 2004-ல் ஒலிம்பிக்ஸ் கிரேக்க நாட்டு ஏதென்ஸுக்கு வந்தது. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜூன் மாதத்தில், தகப்பனார் காலமானார். துக்கத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு போய் நின்றார். இறுதியில் பிரேஸிலை 2-1 என்று வென்று இரண்டாவது தங்கம் வந்தது. முதல் தங்கம் கிடைத்ததும் ஏதென்ஸ், இரண்டாவதும் ஏதென்ஸ். கதையில் எழுதினால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள்.

2007 உலகக் கோப்பை சீனாவில் நடந்தது. அதற்குள் ஹோப் ஸோலோ என்ற இளையவர் கோலில் நின்றுகொண்டிருந்தார். தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் கோலே விடாமல் நன்றாகவே நின்றார். பிரேஸிலோடு அரை இறுதி. பயிற்சியாளர் திடீரென்று ஸோலோவை நிறுத்திவிட்டு, பிரேஸிலுக்கு எதிராக முன்பு நன்றாக ஆடிய முப்பத்தாறு வயது பிரியானாவைக் களத்தில் இறக்கினார். செப்டம்பர் 27-ந் தேதி, ஹாங்சௌ நகரில் ஆட்டம். முதல் கோல் அமெரிக்கப் பெண் ஒருவரின் மீது பட்டே உள்ளே போயிற்று. பாதி ஆட்டத்துக்குள் இன்னொரு அமெரிக்கப் பெண் வெளியேற்றப்பட்டார். முடிவு 4-0. 51 ஆட்டங்களாகத் தோல்வி காணாத அணிக்கு, அதுவரை கண்டிராத பெருந்தோல்வி. தான் நின்றிருந்தால் தடுத்திருப்பேன் என்று ஸோலோ பகிரங்கமாகச் சொல்ல, அது பெரிய சச்சரவாயிற்று. இறங்கச் சொன்னது பயிற்சியாளர், இறங்கியது பிரியானா. காவல்காரன் பெயர் ஊர் வாயில் விழுந்த நாள் அது.

இத்தனையும் விளையாட்டில் உள்ள வெற்றி தோல்விகள். யாருக்கும் வரும், யாருக்கும் போகும். 2010-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி வந்தது அப்படிப்பட்டதல்ல.

அப்போது அவர் வாஷிங்டன் ஃப்ரீடம் என்ற தொழில்முறை அணியில் ஆடிக்கொண்டிருந்தார். தாழ்ந்து வந்த பந்தை எடுக்கக் குனிந்தார். ஓடி வந்த எதிரணிப் பெண்ணின் முழங்கால் அவர் தலையின் பக்கவாட்டில் மோதிற்று. ரத்தம் இல்லை, எலும்பு முறிவு இல்லை. எழுந்து நின்று மேற்கொண்டு ஆடவும் செய்தார். ஆனால் பார்வை மங்கியது. எதிரே ஓடுகிறவர்களின் சட்டையில் எண்கள் சரியாகத் தெரியவில்லை. இடைவேளையில் வெளியே வந்தவர் அதற்குப் பிறகு ஒரு பந்தயத்திலும் ஆடவில்லை. சிறு பெண்ணாக இருந்தபோது, பத்திரமான இடம் என்று கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த இடத்தில்தான் அந்த அடி விழுந்தது.

மண்டைக்குள் மூளை, கிண்ணத்தில் வைத்த தயிரைப் போல இளகிய வஸ்து. அடி வெளியே பட்டாலும், உள்ளே மூளை குலுங்கிப்போகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு ஆவதில்லை. பிரியானாவுக்கு ஆகவில்லை. ஓயாத தலைவலி; வெளிச்சம் பட்டால் வேதனை; சத்தம் கேட்டால் வேதனை; நேற்றுப் பேசியது இன்றைக்கு நினைவில்லை; காரணமில்லாத கவலை, துக்கம். கால் ஒடிந்தால் கட்டுப் போடுவார்கள், பார்க்கிறவர்கள் பரிதாபப்படுவார்கள். தலைக்குள் ஒடிந்ததற்குக் கட்டு ஏது? பார்ப்பதற்கு ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது யார் நம்புவார்கள்? இன்ஷூரன்ஸ் கம்பெனி, சிகிச்சைச் செலவை ஒப்புக்கொள்ளாமல் இழுத்தடித்தது. வழக்கும் வாதமுமாக வருஷங்கள் ஓடின. அவர் ஆடிய லீக்கே 2012-ல் கடையைக் கட்டிவிட்டது. வருமானம் நின்றது. வாடகை நிற்கவில்லை.

அடகுக் கடையைப் பற்றி நம் வீடுகளில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் போவது சங்கிலி, பிறகு வளையல், கடைசியில் தாலிக்கொடியில் கை வைக்கும்போது, அந்த வீட்டில் அதற்குமேல் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பிரியானா ஸ்கர்ரி தம்முடைய இரண்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களையும் அடகு வைத்தார். இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது 18,000 டாலர். ஒன்று, அந்த ராத்திரி ஆடைக்குப் பதில் அவர் கழுத்தில் கிடந்தது. மற்றொன்று, தகப்பனார் பார்க்கக் கொடுத்துவைக்காதது.

நியூ ஜெர்ஸி மாநிலத்தில் அவர் குடியிருந்த ஊரில் ஓர் அருவி உண்டு. ஒருநாள் அதன் விளிம்பில் நின்றுகொண்டு, குதித்துவிட்டால் என்ன என்று யோசித்திருக்கிறார். 90,000 பேர் முன்னிலையில் நடுங்காமல் நின்ற பெண். அவரைத் தடுத்து நிறுத்தியது தாயாரின் நினைவு. தம் உடம்பை யாரோ அருவியிலிருந்து எடுப்பதும், அந்தச் செய்தி தாயாரின் காதில் விழுவதும் மனக்கண்ணில் வந்ததாம். திரும்பி நடந்தார்.

அதற்குப் பிறகு உதவி வந்தது. கிறிசா ஸிஸோஸ் என்ற பெண்மணி வாஷிங்டன் வட்டாரத்தில் விளம்பரத் தொடர்பு நிறுவனம் நடத்துபவர். அவர் இந்த விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பிரியானாவின் கதை பத்திரிகைகளில் வரச் செய்தார். இன்ஷூரன்ஸ்காரர்கள் வழிக்கு வந்தார்கள். தலையின் பின்புறத்து நரம்பு சேதப்பட்டிருப்பதுதான் தீராத வலிக்குக் காரணம் என்று கண்டுபிடித்து, 2013 அக்டோபரில் வாஷிங்டனில் சத்திர சிகிச்சை செய்தார்கள். மூன்றரை வருஷத்துத் தலைவலி விலகத் தொடங்கியது. அடகில் கிடந்த பதக்கங்களும் மீட்கப்பட்டன. பிரியானாவும் ஸிஸோஸும் 2018-ல் திருமணம் செய்துகொண்டார்கள்.

பிழைத்து எழுந்தவர் சும்மா இருக்கவில்லை. 2014 மார்ச் மாதம் அமெரிக்கக் காங்கிரஸின் துணைக் குழு முன் போய், தலையில் அடிபட்டவர்களின் கதி என்ன என்பதைத் தம் கதையாகவே சொன்னார். தலைக் காயத்தைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. வைத்தியர்கள், பெற்றோர்கள், பழைய வீரர்கள் என்று பலர் குரல் கொடுத்தார்கள். 2015-ல் அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம், பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று தடை செய்தது. தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக, வழக்கமான கணக்கில் சேராமல் இன்னொருவரை இறக்கலாம் என்ற ஏற்பாடு 2021-ல் பரீட்சார்த்தமாக வந்து, 2024-ல் ஆட்ட விதிகளிலேயே இடம் பெற்றது. அடிபட்டும் எழுந்து ஆடுவதுதான் வீரம் என்ற பழைய எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருகிறது.

மரியாதைகளும் வந்து சேர்ந்தன. 2016-ல் வாஷிங்டனில் திறந்த கறுப்பின அமெரிக்கர் சரித்திர மியூஸியத்தில் பிரியானாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. 1972-ம் ஆண்டுச் சட்டத்தால் என்ன விளைந்தது என்பதைக் காட்டும் பகுதி அது. 2017-ல் அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பினப் பெண்களில் அங்கே முதலாவதாக நுழைந்தவர் அவர். கோல் கீப்பர் பெண்களிலும் அவரே முதல்.

2022-ல் தம் வாழ்க்கைக் கதையை ஒரு துணை ஆசிரியரோடு சேர்ந்து புஸ்தகமாக எழுதினார். நான் தடுத்தவற்றில் மிகப் பெரியது என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. அது லியூ யிங்கின் பந்தைப் பற்றிய புஸ்தகம் என்று எண்ணித்தான் பலர் கையில் எடுத்திருப்பார்கள். ஆனால் முதல் பக்கங்களிலேயே ரோஸ் பௌல் மைதானத்துக்குப் பதிலாக அந்த அருவியின் விளிம்பு வந்து நிற்கிறது.